அப்பாவின் இரட்டைக்குழல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம். நான்தான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. போனில் சொல்லப் பார்த்தேன், பாதியில் வைத்துவிட்டேன். உட்கார்ந்து படி.

அப்பா போன பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உரிமமும் அவர் பெயரில்தானே. போலீஸில் கேட்டதற்கு, துப்பாக்கிக் கடையில் மதிப்புப் போட்டு விற்றுவிடச் சொன்னார்கள். போர்வையில் சுற்றி எடுத்துப் போனேன். அம்மா தானாகவே கூட வந்தாள்.

கடைக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் குழலைத் திருப்பினார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி முகமெல்லாம் பல். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த குழலாம், அதனால்தான் பாம்புத்தோல் போல வரி ஓடுகிறதாம். நூறு வயதுக்குக் குறையாது என்றார். பக்கத் தகட்டில் செதுக்கியிருந்த கௌதாரிகளைத் தடவிப் பார்த்து, "கை வேலைம்மா, நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

பிறகு மடக்கித் திறந்தவர் முகம் சுண்டிவிட்டது. "இது சுடாதேம்மா!" என்றார். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிகள் இரண்டையும் யாரோ அரத்தால் ராவி மொட்டையாக்கியிருக்கிறார்களாம். பழைய வேலை, ராவிய இடம் கறுத்துவிட்டது, இனி பாதி விலைகூடத் தேறாது என்றார்.

யார் செய்திருப்பார்கள் என்று நான் விழிக்கும்போதே அம்மா, "நான்தான்" என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்பது போன்ற குரல்.

நினைத்துப் பார், தம்பி. அப்பா குடித்துவிட்டு அதை நீட்டும்போதெல்லாம் நீயும் நானும் கட்டிலுக்கடியில் கிடப்போம், அம்மா குழலுக்கு நேரே போய் நிற்பாளே! அது சுடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாது.

கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன். ஏன் சொல்லவில்லை, நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தோமே என்றேன். "சொல்லியிருந்தா நீங்க பயப்பட மாட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்தே அவரு கண்டுபிடிச்சிடுவாரு. சரி பண்ணிட்டு வந்திருப்பாரு" என்றாள். கடைக்காரர் எதையோ தேடுவது போல உள்ளே போய்விட்டார்.

எப்போது செய்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன். அவர் முதல் தடவை நீட்டியதற்கு மறுநாள், வேலைக்குப் போனதும், தையல் மிஷின் பெட்டியில் கிடந்த அரத்தால் என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி, அந்த முதல் தடவை ஊசிகள் முழுசாக இருந்தன. அன்றைக்கும் அவள்தான் முன்னால் போய் நின்றாள்.

துப்பாக்கியைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே அங்கேயே தள்ளிவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா நமக்காக ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. அந்தப் பேச்சை அவள் என்னிடம் ஒருநாளும் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இதைப்பற்றி எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்பாள். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாமல், என்ன சாப்பிட்டாய் என்று நிதானமாகச் சொல்லு. அது போதும்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு, கண்ணா.

உன் அக்கா