குடில் வைத்த வீடு

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி, 22 டிசம்பர் 1936

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு, தனிஸ்லாஸ் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா? பாப்பா என்னைக் கேட்கிறாளா?

இந்த வருஷம் எங்கள் அறையிலும் களிமண்ணும் வைக்கோலும் வைத்துச் சின்னக் குடில் கட்டினேன். நேற்று மாலை அதைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு இரண்டு போலீஸ் சிப்பாய்கள் வந்தார்கள். பயப்படாதே, மரியாதையாகத்தான் பேசினார்கள். எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றேன். ஒருவர் குடிலை விட்டுவிட்டுப் பாய்களை எண்ணினார்.

"நாலாவது பாய் யாருக்கு?"

அது எங்களோடு தங்கியிருந்த பலராமனுடையது. ஆலை வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவன். மூன்று நாளாக அவனைத் தேடுகிறார்கள்.

"பாலன் பொறந்த ராத்திரி மாதாவுக்கும் சூசையப்பருக்கும் யாரும் எடம் குடுக்கல. குடில் வச்ச வீட்டுல, வர்றவங்களுக்கு ஒரு பாய் போட்டு வைக்கணுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப அவன் வருவான். நாங்களும் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாயை நான் சுருட்டவில்லை.

நம் வீட்டுக் குடிலில் பாலனைப் பாப்பா கையால் கிடத்தச் சொல். உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, பனிக்குப் போர்த்திக்கொள்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலை இந்த விலாசத்துக்குப் போடாதே. கோயில் சாமியார் பெயருக்குப் போடு.

உன்
தனிஸ்லாஸ்