முள்ளு இப்போ சரியா காட்டுது

அப்பா,

காரைச் சரி பண்ணிக் கொண்டாந்து விட்டாச்சு. சாவி ஆணியில தொங்குது. சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கங்க.

நேத்து பெட்ரோல் முள்ளு கீழ கெடந்ததைப் பாத்துட்டு, "எவனைப் பாக்கடி காரை எடுத்துக்கினு போனே?"ன்னு அம்மா தலையைக் கதவுல மோதினீங்களே. ரத்தம் கொட்டக் கொட்ட அதே கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நடுவழியில நின்னுடுமோன்னு பயந்து பங்க்ல நிறுத்தினா, துளி ஊத்தினதுமே பெட்ரோல் வழிஞ்சுது. ஞாயித்துக்கெழமை நீங்க நிரப்பினது அப்படியே இருந்திருக்கு.

இன்னிக்கு மெக்கானிக் ஆசிம் அண்ணன் பின் சீட்டைத் தூக்கிப் பாத்தாரு. டேங்குக்குள்ள முள்ளை ஏத்தி இறக்கற மிதவை ஓட்டையாகி, பெட்ரோல் குடிச்சு மூழ்கிடுச்சு. அதான் முள்ளும் விழுந்திருக்கு. புதுசு போட்டாச்சு. பழசை உங்க சாப்பாட்டுத் தட்டுல வெச்சிருக்கேன்.

கதவுல காஞ்ச ரத்தத்தை நான் தொடைக்கல. நீங்களே தொடைங்க.

ரோஷினி

பி.கு: அம்மா என்கூட வராங்க. தேடிட்டு வந்தீங்கன்னா அடுத்து உடையறது உங்க மண்டைதான்.

இனிமே முள்ளு இறங்கினா அது நீங்க ஓட்டினதுதான். வீட்ல வேற யாரும் இல்ல.