பிளஸியை ஏற்றிப்போன உன் கார்

இன்று சாயங்காலம் உன் காரின் டிக்கியைக் காலி செய்துகொண்டிருந்தேன். வாடிய பூச்சரம், யாரோ விட்டுப்போன ரிப்பன், காலி கேக் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் உன் பாலிஷ் பேஸ்ட் டப்பா கிடந்தது. மூடி கழன்று கையெல்லாம் அப்பிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. திங்கட்கிழமை தோறும் ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் நீ கொண்டுவந்து உட்கார்த்தும் வாடை. மதியம் மீன்குழம்பு சாப்பிட்ட பிறகும் உன் கையில் அதுதான் மணக்கும்.

பிளஸிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மக்கா. உன் மகள் உன் காரில்தான் சர்ச்சுக்குப் போனாள். நான்தான் ஓட்டினேன். நீ உட்கார வேண்டிய சீட்டில் நான் உட்கார்ந்து, நீ பிடிக்க வேண்டிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனேன். நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

நம் இருவருக்கும் சண்டை என்று பார்த்தால் அது காரைப் பற்றித்தான். நான் என் வண்டியை நாகர்கோவிலில் உள்ள டீட்டெய்லிங் ஸ்டுடியோவில் விட்டு, கழுவிப் பூச்சுப் போட்டு வாங்கிவருவேன். நீயோ கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, உப்புக் காற்றோடு தினமும் மல்லுக்கு நின்றாய். விடிந்ததும் காருக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து உப்பை இறக்காமல் சாயா குடிக்கமாட்டாய். நான் ஸ்டுடியோவுக்குப் போய்வந்த அன்று உன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

“லே, பெத்த பிள்ளையக் குளிப்பாட்டக் கூலிக்கு ஆளு வைப்பியா?”

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவியா, இல்ல நீயே ஊசி போடுவியா?”

“எனக்க பிள்ளைக்கு ஏம்லே காய்ச்சல் வருது? நான் பாக்கமாட்டனா?”

உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா? சவம் கெடக்கட்டும் என்று நான்தான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

ஆனால் சபையில் யார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் கார் உன்னுடையதுதான். வாடகைக் காரில் நம்ம பிள்ளைகள் போகக்கூடாது என்பது உன் பிடிவாதம். கல்யாணத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, பனியனும் கைலியுமாக அந்தக் கருநீலக் காரை பேஸ்ட் வைத்து முகம் தெரிகிற மாதிரி தேய்ப்பாய். பூ அலங்காரம் செய்ய வருகிறவர்கள் செலோ டேப்பை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாய். பூவை நூலில் கட்டித்தான் போடவேண்டும். பெண்ணை இறக்கிவிட்டு வந்தவுடன் மெல்லச் சொல்வாய்: “இதெல்லாம் ரிகர்சல்லே. எனக்க பிளஸிக்கு நான் தேய்க்கப் போற தேய்ப்பப் பாரு.”

போன மழைக்காலத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. அடக்கம் முடிந்து சில நாளில் உன் வீட்டுக்காரி மேபல் என்னைக் கூப்பிட்டு உன் கார் சாவியைக் கையில் தந்தாள். “இங்க கெடந்தா துருப்பிடிச்சுப் போவும். கல்யாணத்துக்கு இது வேணும்ணு பிளஸி சொல்லுதா. நிங்கதான் ஓட்டணும்” என்றாள். தக்கலையில் என் வீட்டு போர்ட்டிகோவில் உன் காரை நிறுத்தி, என் காரைத் தெருவில் போட்டேன். மழையில் நனைவது என் கார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. நான் உயிரோடு இருக்கிறேனே, அதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

கல்யாணம் நெருங்கியதும் காருக்கு நானே மெருகு போடுவது என்று முடிவு செய்தேன். “வேல தெரிஞ்சவன்ட்ட குடுக்கப்பிடாதா? உங்களுக்கு என்ன பிராந்தா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் உன் காரை ஸ்டுடியோவில் கொண்டுபோய் விட்டால், பதில் சொல்ல நீ இல்லாத நேரம் பார்த்து நான் அந்தச் சண்டையில் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. உன் அளவுக்குக் கையில் வலுவும் இல்லை. அதனால் ஆன்லைனில் ஒரு பாலிஷ் மெஷின் வாங்கி, போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, உன் டப்பா பேஸ்டை எடுத்து பானட்டில் வைத்துத் தேய்த்தேன்.

முதலில் கொள்ளாம், நல்லாத்தான் வருது என்று இருந்தது. ஆகாயம் தெரிந்தது, என் வழுக்கை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுப்போம் என்று பானட்டின் மேட்டு விளிம்பில் மெஷினை வைத்தேன். ஒரு கருகல் வாடை. துணியை எடுத்துத் துடைத்தால் கருநீலத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு பல்லை இளிக்கிறது. ஐயோ லே, எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

கடைசியில் அந்த ஸ்டுடியோவுக்கே போகவேண்டியதாயிற்று. துபாயில் இருந்து வந்து கடை போட்டிருக்கிறான் ஒரு பையன், கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன். கண்ணாடிக் கதவு, ஏசி, வந்தவர்களுக்குக் காப்பி. பெட்டி மாதிரி ஒரு சின்ன மெஷினைக் காரின் மேல் அங்கங்கே வைத்து, பூச்சு எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

“சார், இதுல யாரு கை வச்சா?”

“நான்தான் தம்பி. மெஷின் போட்டேன்.”

“அது இப்பம். இதுக்கு முன்ன யாரு?”

நான் டிக்கியைத் திறந்து உன் பேஸ்ட் டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

“ரூஃப்ல பூச்சு புத்தம்புதுசு மாதிரி கெடக்கு. பானட்டுலயும் எடது பின் கதவுலயும் மட்டும் ஒண்ணும் மிச்சமில்ல. இந்த பேஸ்ட்டு கீறல் விழுந்தா அத எடுக்கதுக்கு உள்ளது. பொடி மணல் மாதிரி. ஒவ்வொரு வாட்டியும் மேல உள்ள பூச்சக் கொஞ்சம் அரைச்சு எடுத்துட்டுதான் மினுக்கும். வருசக்கணக்கா யாரோ தேச்சுத் தேச்சு தீத்துருக்காவ. நிங்க தொடாட்டியும் அடுத்த தேய்ப்புல போயிருக்கும் சார்.”

பானட்டும் இடது பின் கதவும் மட்டும் ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மணப்பெண் இறங்குவது இடது பின் கதவு வழியாக. போட்டோக்காரன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்துவது பானட்டின் பக்கத்தில். போட்டோவில் விழுகிற இடத்தையெல்லாம் நீ கூடுதலாகத் தேய்த்திருக்கிறாய். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்து, பெற்ற மகளின் முறை வரும்போது தேய்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிட்டாய், பைத்தியக்காரா.

அதைக் கேட்டவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? “அப்பாடா” என்று இருந்தது. தப்பு என்னுடையதில்லை, உன்னுடையது. பதில் பேச வாயில்லாதவன் தலையில் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஏசியில் உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடித்தேன். உன் கையால் செய்ததைவிட என் ஸ்டுடியோதான் சரி என்று சண்டையிலும் ஜெயித்துவிட்டேன். இப்போது அதை நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பானட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துத் தந்தான். கதவைத் தேய்க்காமல் மெழுகு மட்டும் போட்டான். வேலை சுத்தம்தான், ஆனால் வெயிலில் வெளிறிய பழைய நீலத்துக்கு நடுவே புது நீலம் தனியாகத் தெரிந்தது. பழைய சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரிதான். காரைக் கடியப்பட்டணத்துக்கு ஓட்டிப்போனபோது பிளஸி வாசலிலேயே நின்றாள்.

“பானட்டு ஏன் சித்தப்பா வேற கலரா இருக்கு?”

உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம். “உனக்க அப்பன் தேச்சுத் தீத்துட்டான் மக்களே” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால், அவளும் ஒருவேளை சிரித்திருப்பாள். ஆனால் நீ கையால் துடைத்துத் துடைத்து வைத்த கார் என்றுதானே அவள் அதைக் கல்யாணத்துக்குக் கேட்டாள். நான் சொல்லிவிட்டால் பிறகு அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

“நான்தான் மக்களே. மெஷின் வச்சுத் தேச்சுக் கெடுத்துட்டேன்.”

மேபல் கேட்டுக்கொண்டு நின்றாள். “அவிய ஒரு கீறல் விழ விட்டதில்ல. நிங்க கைய வச்ச ஒடனே” என்று பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயாகூட வரவில்லை. மேபல் வீட்டில் எனக்குச் சாயா வராமல் இருந்தது இதுதான் முதல் முறை.

இன்று காலை கார் பக்கத்தில் பிளஸியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் பானட் விழக்கூடாதே என்று நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். போட்டோக்காரனும் “அங்கிள், அப்பிடியே நில்லுங்க” என்று எடுத்துத் தள்ளினான். இனி ஆல்பத்தைத் திறந்தால், நீ நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நான் இளித்துக்கொண்டு நிற்பேன். மறைக்கப் போய் உன் இடத்தையும் பிடித்துக்கொண்டேன், பார்த்தியா?

பிறகு வண்டியை எடுத்தேன். பின்சீட்டில் மேபல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். பிளஸி முன் கண்ணாடி வழியாக அந்தப் புது நீலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சர்ச் இருக்கிற தக்கலை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அப்பா தேச்சா இப்பிடி ஆயிருக்காது, இல்லியா சித்தப்பா?”

“ஆயிருக்காது மக்களே” என்றேன்.

அவள் முன்னால் சாய்ந்து, மருதாணிக் கையை என் தோளில் வைத்தாள். “போட்டும். நிங்க சங்கடப்படண்டாம். சித்தப்பாவ ஏசண்டாம்னு அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

லே, உனக்கு வர வேண்டிய மன்னிப்பு அது. முகவரி மாறி என்னிடம் வந்துவிட்டது. வாங்கி வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய? இனி இருக்கிற காலம் வரைக்கும் அவள் கல்யாணக் காரைக் கெடுத்தவன் நான்தான். அது இருந்துவிட்டுப் போகட்டும். அவள் சொல்ல வருவாள். சர்ச்சில் தலைகுனிந்து நின்றபோதே சொல்லியிருப்பாளோ என்னமோ. சொன்னால், சரி மக்களே ஏசமாட்டேன் என்று மட்டும் சொல்லு. உன் வாய் சும்மா கிடக்காது என்று எனக்குத் தெரியும். உண்மையை மட்டும் அவளிடம் உளறித் தொலைத்துவிடாதே.