சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

ஐப்பசி 14, வெள்ளி.

தம்பி முருகன் காங்கோவில் எபோலா பரவிய ஊரில் வேலை பார்த்தவன். வீடு வந்ததும் இருபத்தோரு நாள் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இன்றோடு முடிந்தது. ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லை. "இனி பயமில்ல, காட்டுச் சோலிக்கு அனுப்புங்க" என்று கொடைக்கானலிலிருந்து வந்த நர்சம்மா சொல்லிவிட்டார்.

இத்தனை நாளும் பூண்டுக் காட்டில் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் பாடம் நடத்தியது நான்தான். எபோலா காற்றில் பரவாது, நோய் கண்டவரின் ரத்தம், வாந்தி பட்டால்தான் ஒட்டும், காய்ச்சலே இல்லாதவனிடமிருந்து வராது என்று. பக்கத்து வீட்டுச் செல்வி மட்டும் கேட்கவில்லை. வாசலோடு பேசிவிட்டுப் போவாள். அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இன்று அவளே உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். முருகன் அடுப்படிக்கு வந்து, "செல்வியக்காவுக்கு நூல் கட்டாத டம்ளர்ல குடு அக்கா" என்றான். சிரிப்பு வேறு.

அவன் டம்ளர் மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று சிவப்பு நூல் கட்டி வைத்தது நான்தான். முதல் நாளே பார்த்திருக்கிறான்.

"ஏலே, அன்னைக்கே கேக்க வேண்டியதுதானே?"

"பயந்துக்கிட்டேயும் பக்கத்துல உக்காந்து சோறு போட்டியேக்கா."

நூலை அறுத்து அடுப்பில் போட்டேன். எல்லா டம்ளரையும் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன். எது அவனுடையது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.