‘செட்’ என்ற சொல்லுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

நேற்று ஆரியசாலையில் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றேன். யுத்தம் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் வரிசைதான். முன்னால் நின்றவரின் தகரத்திலிருந்து கொஞ்சம் என் கையில் சிந்தியது. அந்த வாசனையில் நம் அச்சுக்கூடம் முழுவதும் மூக்கில் ஏறிவிட்டது. அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளை நாங்கள் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவுவோம். நீர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவீர்.

நீர் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க நான் வலியசாலையில் உம் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பாசிட்டர்; எழுத்துக் கோப்பவன். நீர் புரூஃப் திருத்துகிறவர். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இடவலம் மாறிக் கிடக்கும் ஈய எழுத்துகளை விரலால் தடவித் தடவி ஆங்கிலம் கற்றேன். நீர் பி.ஏ. உம்மைக் கண்டால் மானேஜர் எழுந்து, மலையாளத்தில் “வரணும் சாறே, இரிக்கணும்” என்பார். என்னைக் கூப்பிட வெறும் “டோ”தான். உம் சட்டையில் மை பட்டு நான் பார்த்ததில்லை. பொறாமை அன்றே தொடங்கிவிட்டது. அதை மறைக்க நான் ஒருநாளும் மெனக்கெடவில்லை.

ஒரு மத்தியானம் நீர் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டீர்: “ஓய், நீர் பண்ற வேலைக்கு இங்கிலீஷ்ல என்ன பேர் தெரியுமோ?”

“டைப் செட்டிங்கு. இது தெரியாமலா பதினஞ்சு வருஷமா நிக்கேன்?”

“அந்த ‘செட்’டுக்கு இன்னும் எத்தனை அர்த்தம் உண்டு, சொல்லும் பார்ப்போம்.”

“நீரு முதல்ல சொல்லும்வே.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு அர்த்தம். கழிவுப் புரூஃப் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரிலுள்ள ஆணியில் குத்த வேண்டும். கொண்டுவராதவர் எல்லார் காதிலும் விழும்படி “இன்னைக்கு நான் தோத்தேன்” என்று சொல்ல வேண்டும். நீர் புத்தகங்களிலிருந்து எடுத்தீர். நான் தெருவிலிருந்து எடுத்தேன். சாலைக் கடைத்தெருவில் மூக்குத்தியில் கல் பதித்துக்கொண்டிருந்த தட்டானிடம் ஒன்று கிடைத்தது. துரை பங்களாவில் சமையல் செய்தவரிடம், பால் பண்டம் கட்டியாக உறைவதற்கும் அதே சொல்தான் என்று தெரிந்துகொண்டேன். ஒடிந்த எலும்பைக் கூட்டி வைப்பதற்கும், கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதற்கும், சூரியன் கடலில் விழுவதற்கும் அது ஒன்றே. இத்தனை வேலையை ஒரே ஆள் தலையில் கட்டும் பாஷை வேறு உண்டா என்று நாம் சிரித்ததும் நினைவிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலியதுறைக் கடற்பாலம் வரை நடந்தேன். கப்பலில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, பாய்மரத்தில் பாய் விரிப்பதற்கும் அந்தச் சொல் உண்டு என்று கேட்டு வந்தேன். காலில் கொப்புளம். மறுநாள் சீட்டை ஆணியில் குத்தியதும் நீர் எட்டிப் பார்த்து, “இது அகராதியிலேயே இருக்கே ஓய்!” என்றீர். நீர் விளையாட்டாகச் சொன்னதுதான். நான் மன்னிக்கவில்லை. அகராதி வாங்க வழியுள்ளவன் எதற்கு நடக்கிறான்?

ஒருநாள் உம்மிடம் சீட்டு இல்லை. மானேஜர் முன்னாலேயே தலையைச் சொறிந்துகொண்டு “இன்னைக்கு நான் தோத்தேன்” என்றீர். அந்தச் சந்தோஷம் எனக்கு இரண்டு நாள் சோறு போட்டது.

பிறகு அந்தச் சீட்டுகளையெல்லாம் அடுக்கி, வாக்கியங்கள் சேர்த்து, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகச் சிறு புத்தகமாக எழுதினீர். அதை நானே கோத்தேன். முகப்பில் உம் பெயர், பக்கத்தில் பி.ஏ. என்னும் இரண்டு எழுத்து. முன்னுரையைக் கடைசியில் கோப்பதுதான் எங்கள் வழக்கம். அந்தத் தாளை நீரே கொண்டுவந்தீர். ‘என் நண்பர்’ என்று எழுதி, அடுத்து ஒரு விரல்கடை இடம் வெறுமையாக விட்டு, ‘கம்பாசிட்டர், இதில் உதவினார்’ என்று முடித்திருந்தீர்.

“இது என்ன பள்ளம்?” என்றேன்.

“உம் பேர்தான் ஓய். இனிஷியல், ஊரு, எப்படிப் போடணும்னு உமக்குத்தானே தெரியும்? நீரே கோத்துடும்.”

உமக்கு அது மரியாதையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு, இலை போட்டு உட்கார வைத்துவிட்டு ‘நீயே பரிமாறிக்கொள்’ என்றதுபோல இருந்தது. அத்தனை சீட்டுகளில் அத்தனை அர்த்தம் எழுதிய உம் கைக்கு என் பெயரை எழுத வரவில்லையா? என் பெயரை என் கையாலேயே கோத்து நான் எனக்கு நன்றி சொல்லிக்கொள்வதா? இடைவெளியை மூடினேன். ‘என் நண்பரான ஒரு கம்பாசிட்டர் இதில் உதவினார்’ என்று வரியைச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

புரூஃப் உம்மிடம் போனது. தாளின் மறுபக்கத்து அழுத்தத்தைப் பார்த்தே பிழை கண்டுபிடிக்கும் கண் உமக்கு. ‘பெயர் எங்கே’ என்று ஓரத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். காத்திருந்தேன். தாள் திரும்பி வந்தது. அடுத்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தீர். கீழே ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்து.

அந்த மாதமே நான் வேறு அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டேன். நீர் ஒருமுறை அங்கே வந்து வாசலில் நின்றீர்.

“எல்லாம் சரிதானே ஓய்?”

“புரூஃப் பார்த்தது நீரு. சரியா இல்லையான்னு நீருதான் சொல்லணும்.”

நான் எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போய்விட்டீர்.

புத்தகம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போயிற்று. பிள்ளைகள் உம்மைத் தெருவில் கண்டால் “செட் சாறு வர்றார்” என்று கிசுகிசுப்பார்களாம். ஆத்திரப்படுவீர் என்றார்கள். அந்தப் பட்டப்பெயருக்குக்கூட நான் பொறாமைப்பட்டேன். அதில் பாதி என்னுடையது.

பெயர் வேண்டாமென்பது என் விருப்பம் என்று எண்ணி விட்டுவிட்டீரா, அல்லது வெறும் கம்பாசிட்டர் என்று இருப்பதே உமக்கும் சௌகரியமாக இருந்ததா? இத்தனை வருஷம் நீர் வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். இனி யாரிடம் கேட்பது? இன்று அந்தத் தாளைக் கொடுத்தாலும் அந்த இடைவெளியை நான் மூடத்தான் செய்வேன். அதில் மாற்றமில்லை.

போன மாதம் கரமனையில் தளம் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, “சவிட்டாதீங்க, சிமெண்டு செட் ஆகட்டும்” என்று, கால் வைக்கப் போன என்னை அதட்டினான். உம் புத்தகத்தில் பால் பண்டம்தான் உறைகிறது, சிமெண்டு இல்லை. எனக்குச் சட்டென்று ஒரு குதூகலம். நீர் உயிரோடு இருந்தபோது நான் ஒருநாளும் திரும்பாத வலியசாலைத் தெருவுக்கு என் கால்கள் திரும்பிவிட்டன. பாதி வழி போன பிறகுதான் நின்றேன்.

உம் புத்தகத்தில் இல்லாதவை இதோடு பதினொன்று சேர்ந்திருக்கின்றன. யாருக்கும் தரமாட்டேன். உமக்கு மட்டும் சொல்லியிருப்பேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உம்மைத் தவிர வேறு எவனுக்கும் யோக்கியதை இல்லை.