மேல் காணியில் பெக்கோ

மார்ச் 9, திங்கள்
தங்கச்சி அஞ்சலாவுக்கு இன்று டயலிசிஸ். பேராதனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து துணி காயப்போட்டேன். மேல் காணியில் சேவயர் அளந்துகொண்டிருந்தார். மேல் வீட்டு விவேகானந்தன் ஐயா தன் காணியை ஐந்து துண்டாகப் பிரித்து விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போகப் போகிறாராம். நல்ல மனிசன். அஞ்சலாவுக்கு மூச்சுத் திணறியபோது தன் காரில் கொண்டுபோனவர்.

மார்ச் 17, செவ்வாய்
மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்துவிட்டது. ஐந்து துண்டுக்கும் பாதை வேண்டுமே, அதற்காக மலையை வெட்டுகிறார்கள். வெட்டுவது நேராக எங்கள் வீட்டின் பின்னால் ஒட்டிக் கட்டிய அனெக்ஸுக்கு மேலே. அந்த அறையில்தான் அஞ்சலா இருக்கிறாள். பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போகலாம்.

மார்ச் 18
தேங்காய் அளவு கல் ஒன்று அனெக்ஸ் கூரையில் விழுந்தது. "பூனையா அக்கா?" என்று அஞ்சலா கேட்டாள். ஆமா என்றேன்.

மார்ச் 19
பிரதேச சபையில் முறைப்பாடு செய்வோம் என்றேன். என் கணவர் ஜொனி வேண்டாம் என்கிறார். "வர்றவங்க மேல மட்டுமா பார்ப்பாங்க? நம்ம அனெக்ஸுக்குப் பிளான் இருக்கா?"
இல்லை. விறகுக் கொட்டில் இருந்த இடத்தில், அவள் நோயோடு வந்து சேர்ந்தபோது அவசரமாகக் கட்டியது. இடிக்கச் சொன்னால் அவளை எங்கே வைப்பேன்? இருப்பது ஒரே அறை, ஒரு ஹோல்.

மார்ச் 22, ஞாயிறு
பூசை முடிந்து மேலே விவேகானந்தன் ஐயா வீட்டுக்குப் போனேன்.
"ஐயா, கொஞ்சம் தள்ளி வெட்டச் சொல்லுங்களேன். கீழ அவ படுத்திருக்கா."
"பயப்பிடாதேங்கோ பிள்ளை. கடைசியில மண் சரியாமல் கல்லுக்கட்டு கட்டித்தான் குடுப்பன்."
"மழைக்கு முன்னாடியா?"
ஐயா எழும்பினார். வாசல் வரை கூட வந்தார். "உங்கட பின்னறைக்கு அனுமதி எடுத்தனீங்களோ? சும்மா கேட்டனான்."
சும்மாவாம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
கோயிலில் இருக்கும்போதே மழை பிடித்தது. ஒரு செபமும் வாயில் வரவில்லை. ஓடி வந்தால் பின்சந்து முழுக்கச் சிவப்புச் சேறு. அவள் அறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம். ஹோலுக்கு வாடி என்றால் சிரிக்கிறாள், அங்கே நுளம்பு கடிக்குமாம். போன நவம்பர் மழையில் மலை சரிந்து இறங்கினதைப் பார்த்தவள்தானே இவளும்? எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?

ஏப்ரல் 7
போனேன். சபைக்கு. ஜொனியிடம் சொல்லவில்லை. "மேல் காணியைப் பிரிக்க மண் வெட்டுறாங்க, எங்க மேல வந்து விழும்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். எழும்பப் போனவள் திரும்ப உட்கார்ந்து, "எங்க பின்னறைக்கும் அனுமதி இல்ல" என்று நானே சொன்னேன்.
ஏன் சொன்னேன்? மேல் வீட்டு ஐயா சொல்லிவிடுவார் என்று தினமும் பயந்து சாக முடியாது. அவ்வளவுதான். ஆனால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 8
சபைக்குப் போனதை ஜொனியிடம் சொன்னேன். அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்
சபையிலிருந்து சஞ்சீவனி என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். முதலில் மேலே போனார். காணி பிரிக்க அனுமதி இன்னும் கிடைக்கவில்லையாம். சரிவில் மண் வெட்ட எடுக்க வேண்டிய அறிக்கையும் எடுக்கவில்லையாம். பெக்கோவை நிறுத்தி, வெட்டின இடத்துக்கு முதலில் சுவர் கட்டச் சொல்லிவிட்டார்.
பிறகு எங்கள் பின்சந்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம்.
"இங்க யார் படுக்கிறது?"
"என் தங்கச்சி."
"இன்னைக்கு இங்க படுக்க வேணாம். இனி எப்பவுமே வேணாம்."
பின்னெல்லையில் விட வேண்டிய இடம் விடவில்லை. மண்மேட்டை ஒட்டிக் கட்டியிருக்கிறது. அபராதம் கட்டினாலும் அனுமதி கிடைக்காது, இடிக்கத்தான் வேண்டுமாம்.
அஞ்சலா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டாள். எங்கே போவேன் என்று கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து உடுப்பு மடிக்கத் தொடங்கினாள். அதைத்தான் தாங்க முடியல.

ஏப்ரல் 21
ராத்திரி அவளை ஹோலில் படுக்கவைத்தோம். இன்று வேலைக்குப் போகாமல் ஜொனி எங்கள் கட்டிலைப் பிரித்து ஹோலில் போட்டார். அவள் கட்டிலை எங்கள் அறைக்குக் கொண்டுபோனார். "ஜன்னல் பக்கம் தலை வைக்கணுமா, கதவுப் பக்கமா?" என்று அவளைக் கேட்டார். பதின்மூன்று நாளைக்குப் பிறகு அவர் குரல்.

ஏப்ரல் 29
கூரைத் தகரம் கழற்றியாயிற்று. சுத்தியலால் அடித்த இரண்டே அடியில் சுவர் விழுந்தது. இவ்வளவு லேசான சுவரா அவளைக் காத்துக்கொண்டிருந்தது?

மே 5
விவேகானந்தன் ஐயா வாசல் கேற்றடியில் நின்றார். உள்ளே வரவில்லை.
"என்னைக் காட்டிக் குடுத்திட்டீங்கள், பிள்ளை."
"என்னையுந்தான் ஐயா."
அனெக்ஸ் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். "அவ இப்ப எங்க படுக்கிறா?" என்று கேட்டார்.

மே 27
மேலே கல்லுக்கட்டு முடிந்தது, நீர் வடியக் குழாயும் வைத்திருக்கிறார்கள். ஐந்து துண்டு இல்லை, மூன்றுக்குத்தான் அனுமதியாம்.

ஜூன் 11, வியாழன்
காலையில் தேத்தண்ணியோடு அஞ்சலா வந்து எழுப்பினாள். "ராத்திரி அப்பிடி ஒரு மழை. கேக்கலையா அக்கா?"
கேட்கவில்லை.