வாயாடி பேசாமல் இருந்த நாள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னையும் மருமகளையும் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் தையல் மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்காகச் சபையில் நான் நடத்தும் வழித்துணைக் குழு உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பெரியவரைத் துணையாகக் கொடுத்து ஒரு வருஷம் கூடவே நடக்க வைப்பது. தையல்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று முகம் சுளித்தவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். வேதாகமக் கல்லூரிப் பக்கம் நான் போனதில்லை, வேதத்தை நானேதான் எழுத்துக் கூட்டி வாசித்துக் கற்றேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. இந்தக் குழுவில் நான் கொண்டுவந்த வழக்கம் மௌன நாள். காலை ஜெபத்திலிருந்து மாலை ஜெபம் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, சைகையும் கூடாது, நானும் சேர்த்துத்தான். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற பிள்ளைகளுக்குத் தேவன் பேசுவது எப்படிக் காதில் விழும், நீயே சொல்.

போன சனிக்கிழமை அந்த நாள். குழுவில் எலக்ட்ரீசியன் மகள் ஒருத்தி இருக்கிறாள், வாயாடி என்று பிள்ளைகள் வைத்த பெயருக்குத்தான் அவளே திரும்பிப் பார்ப்பாள். அன்று காலையில், ஆன்ட்டி, நான் ஒரு மணி நேரம் பேசாம இருந்தா எனக்கு ஒரு சுடிதார் தெச்சுத் தரணும் என்று பந்தயம் கட்டினாள். சாயங்காலம் வரைக்கும் இருடி, ரெண்டு தெச்சுத் தரேன் என்றேன் நானும், விளையாட்டாகத்தான். மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கிறேன், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து கிடக்கிறாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவளையும் கர்த்தர் தொட்டுவிட்டாரே என்று அவள் தலையில் கை வைத்து மனதுக்குள் ஜெபித்துவிட்டு, மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்த் தொந்தரவு செய்யாமல் காவல் வேறு இருந்தேன். மாலையில் ஆமென் சொன்ன பிறகுதான் ஆன்ட்டி, வலிக்குது என்றாள், சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தாள்.

குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்துவிட்டது, காய்ச்சல்தான் இறங்க மாட்டேன் என்கிறது. அவள் அம்மா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை, நான் போனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறாள், அவ்வளவுதான். போதகர் வந்து ஜெபித்துவிட்டு, இனிமே இதெல்லாம் வேண்டாம்மா, படிச்சவங்க யாராவது பொறுப்பெடுத்துக்கட்டும் என்றார். பேசாமல் இருந்தால் குடல்வால் வெடிக்குமா ஐயா என்று கேட்டேன், இப்போதும் அதையேதான் கேட்பேன். அப்பா மட்டும், கொஞ்ச நாளைக்கு வாய வெச்சுக்கிட்டு சும்மா இருடி என்கிறார், எனக்கே மௌன நாள் வைக்கிறார் மனுஷன்.

நேற்றுதான் அவளைப் பார்க்க உள்ளே விட்டார்கள். உதடு வெடித்திருக்கிறது, ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி என்றேன். நீங்க தலையில கை வெச்சீங்கல்ல ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன், தெரிஞ்சும் பேச விடலன்னா பொறுத்துக்கணும் போலன்னு இருந்துட்டேன் என்றாள். முந்தானை நுனியை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. சின்ன வயதில் நீ கையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றபோது அழாதே என்றேன், நீ அழவில்லை, அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். இப்போது வாரா வாரம் நல்லா இருக்கேன்மா என்கிறாய், நானும் ஸ்தோத்திரம் என்று போனை வைத்துவிடுகிறேன். கொஞ்ச நாளாக வீடியோவில் முகம் காட்டுவதில்லை. மருமகள் குரலும் கேட்பதில்லை. அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது மகனே. வலிக்கிறதென்றால் வாயைத் திறந்து சொல், வேலையானாலும் சரி, வீட்டு விஷயமானாலும் சரி. கெஞ்சவில்லை, சொல் என்கிறேன்.

மௌன நாளை நான் விடப் போவதில்லை, யார் சொன்னாலும். ஆனால் இனி வலித்தால் கத்திக் கூப்பிடு என்று சொல்லித்தான் தொடங்குவேன். சுடிதார் இரண்டையும் வெட்டி வைத்துவிட்டேன், வயிற்றுப் பக்கம் தளர்வாக. அவள் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்காக நீயும் முழங்காலிடு. கர்த்தருடைய கரம் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, நல்லா இருக்கேன் என்று தொடங்காதே.

காத்திருக்கும்
உன் அம்மா